ஆணியில் தொங்கிய தெய்வங்கள்

'காலண்டர் ஓவியம்' என்ற தொடரை நாம் பெரும்பாலும் வசையாகவே கையாண்டு வருகிறோம். மலிவானது, வண்ணம் மிகுந்தது, ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருப்பது என்றெல்லாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். எனினும், எளியோர் வீட்டுச் சுவருக்கு வண்ண ஓவியம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்று ஆராயத் தொடங்கினால், அவ்வசையைச் சற்றே நிறுத்தி வைக்க நேரும்.

சுவரில் படம் மாட்டுவது நெடுங்காலம் வசதி படைத்தோர் வழக்கமாகவே இருந்தது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலாப் பலகையும் பொன் தகடும் பதிகற்களும் வேண்டும். எளிய வீட்டுச் சுவருக்கோ சுண்ணாம்பும் காவிப்பட்டையும் மாடக்குழி விளக்குமே அணி. இந்நிலையை மாற்றியது அச்சுக்கலை. திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவினார். வண்ணத்துக்கு ஒரு கல் என வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணமேற்றும் கல்லச்சு முறையில் அவருடைய இலக்குமியும் சரசுவதியும் பெருகினர்.

இக்காலத்தை நாம் கருதிப் பார்க்க வேண்டும். அதே திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936இல். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939இல். கருவறைத் தெய்வத்தைக் காணும் உரிமை மறுக்கப்பட்டவரும், கடைத்தெருவில் விற்ற தெய்வத்தைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. அச்சுப் படத்துக்கு விலை உண்டு, தீட்டு இல்லை.

இதனினும் வியப்புக்குரியது சிவகாசியின் கதை. நாடார்களின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகையால் 1899இல் அவ்வூர் பெருங்கலவரத்தைக் கண்டது. 1922இல் அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். தீப்பெட்டி வந்தது, அதற்கு ஒட்டுச்சீட்டு வேண்டியிருந்தது, சீட்டுக்காக அச்சு வளர்ந்தது, அச்சிலிருந்து காலண்டர் பிறந்தது. கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்த மக்களின் ஊரே, பின்னாளில் வீடுதோறும் தெய்வங்களை அனுப்பிவைத்தது.

அத்தெய்வங்களுக்கு முகம் தந்தவர்களுள் முதன்மையானவர் கொண்டையராஜு (1898–1976). நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிய அவர் கோவில்பட்டியில் தங்கி, மாணவர் பலரை உருவாக்கினார். நாடகத் திரையின் மாளிகையும் மலையும் நீர்நிலையுமே அவர்களது முருகனுக்கும் மீனாட்சிக்கும் பின்புலமாயின. நம்மில் பலர் கண்மூடி வேண்டும்போது மனத்தில் எழும் முருகன், கற்சிலை முருகன் அல்லன். அந்தக் காலண்டர் முருகனே.

மளிகைக் கடையில் இலவசமாகப் பெற்ற காலண்டரை, ஆண்டு முடிந்த பின்னும் நம் வீடுகளில் எறிந்ததில்லை. தேதித் தாள்கள் தீர்ந்ததும், கடையின் பெயரை வெட்டி நீக்கிவிட்டுப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடுவார்கள். சட்டத்துக்குப் பணமில்லையேல் பசை தடவிச் சுவரிலோ டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்திலோ ஒட்டுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பவரும் அந்தச் சதுரத்தைத் தொடாமல் சுற்றியே அடித்துச் செல்வார். கலை வரலாற்றை எழுதும்போது நாமும் அந்த இடத்தைச் சுற்றியே அடித்துச் சென்றுவிட்டோம். அவர் மதிப்பினால் விலகினார், நாம் இளக்காரத்தால் விலகினோம்.