முதல் ஆள் யார்?

தாம்பரத்தில் காலை நேரத்து பீச் வண்டி. ஜன்னல் சீட் கிடைத்தவன் பாக்கியசாலி. எனக்குக் கிடைக்கவில்லை. எதிரே இரண்டு பையன்கள். கழுத்தில் டை, மடியில் ஃபைல். கிண்டியில் ஏதோ கம்பெனியில் இன்டர்வியூவாம். சானடோரியம் வருவதற்குள் ரிகர்சல் ஆரம்பமாகிவிட்டது.

"ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் யாரு அதிக சம்பளம் வாங்கறா? இதுக்கு ஒரு க்வெரி எழுதுன்னு கண்டிப்பா கேப்பாங்க மச்சி. என்ன எழுதுவே?"

"குரூப் பை போட்டு மேக்ஸ் எடுத்துருவேன்."

"சம்பளம் வந்துரும். ஆளு?"

பையன் முழித்தான். குரோம்பேட்டை போய் பல்லாவரம் வந்தும் முழித்துக்கொண்டிருந்தான்.

அவன் முழித்ததில் தப்பே இல்லை. கம்ப்யூட்டர் உலகமே இந்தக் கேள்விக்கு வெகுநாள் திணறியிருக்கிறது. ஆனால் நம்ம சென்னை மாகாணத்து குமாஸ்தாக்கள், கம்ப்யூட்டர் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே இதே கேள்விக்குப் பேனாவால் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

முதலில் பையனின் சிக்கல். நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள். "பிரிவுவாரியாக அதிகபட்ச மார்க் என்ன?" என்று கிளார்க்கைக் கேட்கிறீர்கள். "ஏ பிரிவு 487, பி பிரிவு 491, சி பிரிவு 479" என்கிறார். பிரமாதம். "யாருய்யா அந்தப் பசங்க?" என்று அடுத்து கேட்கிறீர்கள். கிளார்க் தலையைச் சொறிகிறார். அவர் குறித்து வைத்தது மார்க்கை மட்டும்தான். பெயர் வேண்டுமென்றால் இந்த மூன்று எண்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி ரிஜிஸ்தரைப் புரட்ட வேண்டும். புரட்டினால் பி பிரிவில் 491 வாங்கியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கப் ஒன்றுதான் வாங்கி வைத்திருக்கிறீர்கள். இப்போது என்ன செய்வீர்கள்?

அவ்வளவுதான் சங்கதி. கம்ப்யூட்டரிலும் இதேதான்.

1970-ல் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், தகவல்களையெல்லாம் கட்டம் போட்ட அட்டவணைகளாக வைத்துக்கொண்டால் எப்படி வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1974-ல் அதே கம்பெனியின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள், அப்படிக் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு மொழியை உருவாக்கி 'சீக்வெல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை இங்கிலாந்தில் ஒரு விமானக் கம்பெனி ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்ததால், சுருக்கி எஸ்.க்யூ.எல். ஆக்கினார்கள். பாய்ஸ் பாவம், அந்த 1974-லேயே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கு உங்கள் பேங்க் பாஸ்புக்கும் ரயில் டிக்கெட்டும் அவர் பெற்ற பிள்ளையை நம்பித்தான் ஓடுகின்றன.

அந்த மொழியில் 'குரூப் பை' உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் பெரிய எண் எது என்று சொல்லும். ஆளைக் கேட்டால் கிளார்க் கதைதான். ரிஜிஸ்தரைத் திரும்பப் புரட்டித்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். முதல் மூன்று பேர் வேண்டுமென்றால் இன்னும் தலைவலி. இலவசமாகக் கிடைத்த மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருள் இன்னும் விபரீதம். அதன் பழைய பதிப்புகளிடம் பெயரையும் சேர்த்துக் கேட்டால், அந்தக் கூட்டத்தில் அகப்பட்ட யாரோ ஒருவர் பெயரை எடுத்து நீட்டிவிடும். மார்க் சரி, பெயர் தப்பு. எச்சரிக்கை கூட வராது! 2015-ல் வந்த பதிப்பில்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள்.

'ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாகப் பிரி, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்து, நம்பர் போடு' என்று ஒரே மூச்சில் கட்டளையிடும் வசதியை 1990-களின் கடைசியில் ஆரக்கிள் கொண்டுவந்தது. அது உலகப் பொதுத் தரத்தில் சேர்ந்தது 2003-ல். மைஎஸ்க்யூஎல்லுக்கு வந்து சேர்ந்தது 2018-ல்!

சரி, சென்னை மாகாணத்துக்கு வருவோம்.

'குரூப் பை' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? யோசிக்கவே வேண்டாம். நூறு வருடமாக நம்மிடம் அந்த வார்த்தை இருக்கிறது. வகுப்புவாரி.

'வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்' கேட்டு அரசியல் செய்த நீதிக்கட்சி, 1921-ல் அதற்கான முதல் அரசாணையைப் போட்டது. நடைமுறையில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. சுப்பராயன் முதலமைச்சராக இருந்தபோது 1927-ல் வந்த ஆணைதான், அடுத்த வருடத்திலிருந்து, அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால் காரியத்தில் இறங்கியது. கணக்கு இப்படி: அரசாங்கத்தில் பன்னிரண்டு வேலை காலியானால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்துவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. ஒட்டுமொத்த வரிசையில் முதல் பன்னிரண்டு பேரை எடுக்காதே, கட்டம் கட்டிவிட்டு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆளை எடு என்று அர்த்தம். அந்த ரயில் பையனிடம் கேட்கப்போகும் அதே கேள்வி!

1947-ல் பன்னிரண்டு பதினான்காயிற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜன்கள் என்று ஆணையில் குறிப்பிடப்பட்டவர்களுக்கு 2, கிறிஸ்துவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

காலேஜ் சீட்டிலும் இதே விகிதம்தான். 1950-ல் மாகாணத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து இருந்தது 330 இடங்கள். வெளி மாநிலத்தவருக்கு 17-ம், அரசாங்கம் தன் விருப்பப்படி கொடுக்க 12-ம் போனால் மிச்சம் 301. அதை முதலில் நான்கு மாவட்டத் தொகுதிகளாகப் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் பதினான்குக்கு இத்தனை என்று சாதிக் கணக்கு. கூடவே, ஒவ்வொரு தொகுதியிலும் பெண்களுக்குக் குறைந்தது 20 சதவிகிதம். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம். இத்தனையையும் ஒரு கால்குலேட்டர்கூட இல்லாமல் பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

அந்தக் கட்டங்களை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் கோர்ட்டுக்குப் போனார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்ததில், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வழக்குப் போட்டார். இன்ஜினீயரிங்குக்கு விண்ணப்பித்த சீனிவாசன் என்ற மாணவரும் போனார். அவர் வாங்கியிருந்தது 450-க்கு 369. உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, அரசாங்கம் மேலே போயிற்று. 1951 ஏப்ரல் 9-ம் தேதி, ஏழு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற பெஞ்சும் ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார், தி.மு.க. இறங்கியது. அதே வருடம் ஜூன் மாதம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. சாஸனம் அமலுக்கு வந்து முழுசாக ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை!

அப்புறம் நடந்ததெல்லாம் கட்டங்களின் கதைதான். பிற்படுத்தப்பட்டோருக்கு 1971-ல் 31 சதவிகிதம், 1980-ல் 50. 1989-ல் அந்த ஐம்பதை 30, 20 என்று பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிக் கட்டம். பழங்குடியினருக்குத் தனியாக 1. மொத்தம் 69. பிறகு 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும், 2009-ல் அருந்ததியருக்கும் உள் ஒதுக்கீடு. பெரிய கட்டத்துக்குள் எப்போதும் மேலே இருப்பவர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனால், கீழே இருப்பவர்கள் 'எங்களுக்குத் தனிக் கோடு போடு' என்று கேட்கத்தானே செய்வார்கள்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படித்தவன் போடுகிற கணக்கு என்பதால் பயப்பட வேண்டாம்.

மூன்று சீட். இரண்டு பொது, ஒன்று 'அ' பிரிவுக்கு. 'அ' பிரிவில் இரண்டு மாணவர்கள்: 98, 95. மற்றவர்களில் இரண்டு பேர்: 97, 96. முதலில் பொதுவை நிரப்புங்கள். 98-ம் 97-ம் உள்ளே. அடுத்து 'அ' பிரிவு சீட். 95 உள்ளே. இப்போது தலைகீழாகச் செய்யுங்கள். 'அ' சீட்டை முதலில் நிரப்பினால் 98 அதில் போய்விடும். பொதுவில் 97-ம் 96-ம். 95 வெளியே!

அதே மார்க், அதே சீட், அதே சதவிகிதம். வரிசை மட்டும்தான் மாறியது. ஒரு பையனுக்கு வாழ்க்கை, இன்னொரு பையனுக்கு அடுத்த பஸ். பொது இடத்துக்கான மார்க் வாங்கியவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது என்று 1992-ல் மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதன் அருமை இப்போது புரிகிறதா?

அடுத்து, இரண்டு பேர் ஒரே மார்க் வாங்கினால்? கம்ப்யூட்டர் மூன்று வழி வைத்திருக்கிறது. 1, 2, 3 என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பர் போடலாம். 1, 1, 3 என்று போடலாம். 1, 1, 2 என்றும் போடலாம். எது நியாயம் என்று அது சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2015-ல் எஸ்.எஸ்.எல்.சி. மாநில முதலிடம் எத்தனை பேருக்குத் தெரியுமா? 41 பேர், எல்லோரும் 499. இரண்டே வருடத்தில், 2017-ல், மாநில முதல், மாவட்ட முதல் அறிவிப்பையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. இன்ஜினீயரிங் ரேங்க் பட்டியலில் நிறுத்த முடியாதே! அங்கே கணக்கு மார்க் பார்ப்பார்கள், இயற்பியல் பார்ப்பார்கள், பிறந்த தேதி வரை பார்ப்பார்கள். அதற்கும் மேல் சமமாக இருந்தால் 'ராண்டம் எண்'. குலுக்கல்தான். 2017 வரை அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரடிக் கவுன்சலிங். தென் மாவட்டத்து அப்பாக்கள் விடிகாலையில் மஞ்சள் பையோடு தாம்பரத்தில் வந்து இறங்கி, கிண்டிக்கு லோக்கல் பிடிப்பார்கள். அந்தப் பையில் இருந்த கடிதத்தின் நம்பருக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

கடைசியாக, கோடு. மாவட்ட முதல் என்று பெருமைப்பட்டோமே, எந்த மாவட்டம்? 1997 வரை தாம்பரம் இருந்தது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில். அதற்கப்புறம் காஞ்சிபுரம். 2019-லிருந்து செங்கல்பட்டு. தாம்பரம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. கோடுதான் நகர்ந்தது. ஒரு கோட்டுக்குள் முதல் ஆளாக இருந்தவர், கோடு நகர்ந்தால் ஐந்தாவது ஆளாகலாம். மார்க்கில் கால் புள்ளிகூடக் குறையாமல்!

எனவே, 'கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட் சார், தப்பு வராது' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கோட்டை எங்கே போட்டீர்கள்? எந்தக் கட்டத்தை முதலில் நிரப்பினீர்கள்? சமமாக வந்தால் என்ன செய்தீர்கள்? மூன்றுக்கும் பதில் எழுதியவர் ஒரு மனிதர். 1927-ல் அந்த மனிதர் அரசாணையில் பகிரங்கமாக எழுதினார். அதனால்தான் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடிந்தது, ஆதரித்துத் தெருவுக்கு வர முடிந்தது. இப்போது நாலு வரி க்வெரிக்குள் ஒளிந்திருக்கும் பதிலை எதிர்த்து யார், எங்கே போவது?

கிண்டி வந்துவிட்டது. பையன்கள் எழுந்தார்கள். முழித்துக்கொண்டிருந்தவன் படியில் கால் வைக்கும்போது திரும்பினான்.

"மச்சி, ரெண்டு பேருக்கு ஒரே சம்பளமா இருந்தா என்னடா பண்றது?"

சரியான இடத்துக்கு வந்துவிட்டான். அவனுக்கு வேலை கிடைத்திருக்கும்!