தரங்கம்பாடி ரயிலடி

தஞ்சாவூர்ச் சீமையில் 'புகைவண்டி நிலையம்' என்பது பலகையில் எழுதிவைப்பதற்கு மட்டும். எங்களுக்கு அது ரயிலடி. தேர் நிற்கிற இடம் தேரடி என்றால், ரயில் நிற்கிற இடம் ரயிலடிதானே? ஆனால் தேர் எத்தனை வீதி சுற்றினாலும் நிலைக்குத் திரும்பிவிடும். ரயிலுக்கு அந்த நியதி கிடையாது என்பதை 1986-ல் தரங்கம்பாடிக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஊருக்கும் ரயிலுக்கும் ஆதியிலிருந்தே ஜாதகப் பொருத்தம் சரியில்லை. ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-ல், டேனிஷ்காரர்கள் அங்கே வந்து கோட்டை கட்டினார்கள். இருநூற்றிருபத்தைந்து வருஷம் வியாபாரம் செய்துவிட்டு, 1845-ல் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். சிறிது காலம் ஜில்லாக் கலெக்டரின் கச்சேரி அங்கே இருந்தது. 1860-ல் அது தஞ்சாவூருக்குப் போயிற்று. மறு வருஷமே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1862-ல் அது திருச்சிராப்பள்ளியை எட்டிவிட்டது. கப்பல்காரன் பாடு யோசித்துப் பாருங்கள். நெல் மூட்டை ரயிலேறி வந்து இறங்குகிற துறைமுகத்தை விட்டு, மாட்டு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டிய துறைமுகத்துக்கு அவன் ஏன் வரவேண்டும்? தரங்கம்பாடித் துறை ஓய்ந்தது.

ஓய்ந்து போன அந்த ஊருக்கு, அறுபத்தைந்து வருஷம் கழித்து, 1926-ல் ரயில் வந்தது! கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மேளக்காரர் வந்த கதைதான்.

மாயவரத்திலிருந்து பிரிந்து முப்பது கிலோமீட்டர் வரும் குறுகிய பாதை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று வரும். தென்னாப்பிரிக்காவில் சிறை சென்று உயிர் நீத்த வள்ளியம்மையின் பூர்வீகம் தில்லையாடி. அதற்காகவே காந்தி 1915-ல் அங்கே வந்தார். மூன்றாம் வகுப்பு வண்டியிலேயே தேசத்தைச் சுற்றிய மனிதருக்குத் தில்லையாடிக்கு மட்டும் ரயில் கிடைக்கவில்லை. இன்னும் பதினொரு வருஷம் பொறுத்திருக்க வேண்டும்!

நானும் அந்த வண்டியில் போயிருக்கிறேன். அவசரம் என்பதே அறியாத வண்டி. ஜன்னலுக்கு வெளியே இருபுறமும் நாற்றங்கால். உள்ளே அபிராமி சந்நிதியில் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம், பட்டுப் புடவை, தாம்பாளம். அடுத்த பெட்டியில் கருவாட்டுக் கூடை. இரண்டு வாசனையும் கலந்து வரும். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பஸ் பெருகிற்று, வண்டியில் கூட்டம் குறைந்தது. வருமானம் போதவில்லை என்பது கணக்கு. கணக்கு பொய்யல்லதான். ஆனால் டிக்கெட்டை எண்ணுகிற கணக்கில் கூடைக்காரி எங்கே வருவாள்? வண்டியில் அவளுக்குக் கூடையை வைத்துக்கொள்ளத் தரை இருந்தது. பஸ்ஸில் கண்டக்டரின் தயவு வேண்டும். அறுபது வருஷம் ஓடிய பாதையை மூடும்போது அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

நாலு நூற்றாண்டு கண்ட டேனிஷ் கோட்டையைத் தொல்பொருள் துறை பழுதுபார்த்துக் காட்சிசாலையாக வைத்திருக்கிறது. சந்தோஷம். ஊருக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரயிலடிக்கு அந்த யோகம் இல்லை. 2011-ல் நாகூரிலிருந்து காரைக்கால் வரைக்கும் அகலப் பாதை வந்தது. காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். மாயவரத்துப் பாதையைத் திரும்பப் போட வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் மகஜருக்கு மேல் மகஜர் கொடுத்திருக்கிறார்கள்.