அடுக்களைக்கு வெளியே ஒரு மேடை: பிரேசில் வீட்டு வேலைத் தொழிலாளர்களின் அரங்க வரலாறு



ஒடுக்கப்பட்டோர் அரங்கைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் அகஸ்தோ போவாலிடமிருந்து தொடங்குகிறோம். 1974இல் வெளிவந்த அவருடைய நூல்தான் அந்தப் பெயரை உலகுக்குத் தந்தது. ஆனால் பின்னாளில் அந்த மேடையில் ஏறி நின்ற வீட்டு வேலைத் தொழிலாளர்களின் வரலாறு அந்த நூலுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. இந்த நினைவுரையில் அதை அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறோம்.

பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13இல். விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் தரப்படவில்லை. பெண்களில் ஏராளமானோர் எசமானர் வீட்டு அடுக்களைக்கே திரும்பினார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் வறண்ட வடகிழக்கிலிருந்தும் உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் சிறுமிகள் ரியோ டி ஜெனிரோவுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் பிழைக்கப் போனார்கள். அங்கே அடுக்குமாடி வீடுகளில் அடுக்களைக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு சிற்றறை. போய்வரத் தனி வாசல், தனி லிஃப்ட். ஊரும் சேரியும் ஒரே கட்டடத்துக்குள் பிரிந்து நின்றன என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும்.

1904இல் பிறந்த லாவ்தெலினா தெ காம்போஸ் மெலோ அடிமைகளின் வழிவந்தவர்; ஏழு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். துறைமுக நகரமான சாந்தோசுக்குக் குடிபெயர்ந்த அவர், 1936இல் அங்கே நாட்டின் முதல் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். சர்வாதிகார ஆட்சியில் அது மூடப்பட்டது. 1943இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்போ வீட்டு வேலையையும் விவசாய வேலையையும் வெளியே நிறுத்தியது. கறுப்பின மக்கள் பெருமளவில் உழைத்த தொழில்கள் அவை.

அரங்கின் கதையும் அதே ஆண்டுகளில்தான் தொடங்குகிறது. 1941இல் பெருவின் லிமா நகரில் அப்தியாஸ் தோ நாசிமெந்தோ ஒரு நாடகம் பார்த்தார். யூஜின் ஓ நீல் எழுதிய 'பேரரசர் ஜோன்ஸ்'. கறுப்பு நாயகனாக நடித்தவர் முகத்தில் கரி பூசிய வெள்ளையர். நாடு திரும்பிய அப்தியாஸ், 1944இல் ரியோவில் 'கறுப்பர் சோதனை அரங்கு' என்ற குழுவை நிறுவினார். தொழிலாளர்களும் குன்றுச் சேரிவாசிகளும் வீட்டு வேலைப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். எழுத்தறியாதவர்களுக்கு அங்கேயே வகுப்பு நடந்தது. 1945 மே 8இல் ரியோவின் நகராட்சி அரங்கில் அதே நாடகத்தை அவர்கள் நிகழ்த்தினார்கள். இந்தக் குழுவுக்கு இளம் வயதில் நாடகம் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் போவால். போவாலுக்கு முன்னோடி யார் என்று மாணவர்கள் கேட்டால் இந்தப் பெயர்களையும் சொல்ல வேண்டும்.

போவாலே மறைக்காமல் எழுதிய ஒரு நிகழ்ச்சி உண்டு. வடகிழக்கு விவசாயிகளிடம் அவருடைய குழு, மண்ணுக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியோடு பாடி நடித்தது. விர்ஜிலியோ என்ற விவசாயி உருகிப்போய், இப்போதே வாருங்கள், நிலக்காரனை விரட்டுவோம் என்றார். துப்பாக்கிகள் பொம்மை என்று நடிகர்கள் கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் நீங்கள் சிந்தச் சொன்னது எங்கள் ரத்தத்தையா என்று அவர் கேட்டார். அடுத்தவரை ஆபத்தில் இறங்கச் சொல்லும் நாடகத்தை அதன்பின் போவால் கைவிட்டார். 1971இல் இராணுவ ஆட்சி அவரைக் கைது செய்து வதைத்தது. நாடுகடந்து வாழ்ந்த காலத்தில், 1973இல் பெருவில் எழுத்தறிவுப் பணி செய்தபோது, விவாத அரங்கு உருவானது.

அதன் முறை எளிது. சிக்கலில் இருப்பவர்களே தங்கள் கதையை நடிப்பார்கள். அது தோல்வியில் முடியும். மறுமுறை நடக்கும்போது பார்வையாளர் எவரும் 'நிறுத்து' என்று சொல்லி மேடையேறி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை முயலலாம். எசமானியாக நடிப்பவர் எளிதில் இறங்கிவரமாட்டார்.

வீட்டு வேலைத் தொழிலாளருக்கு இது ஏன் பொருந்தியது? ஆலைத் தொழிலாளிக்கு வாயிற்கூட்டம் உண்டு. அடுக்களையில் இருப்பவர் தனியாள். 'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்ற பேச்சு அங்கேயும் உண்டு; சம்பள உயர்வோ விடுமுறையோ கேட்கும் நாளில் அந்த உறவு முடிந்துபோகும். நிஜ வீட்டில் ஒரு முறை வாய் திறந்தால் வேலையும் படுக்க இடமும் சேர்ந்து போகும். மேடையில் பத்து முறை தோற்றுப் பார்க்கலாம். தன் விதி என்று நினைத்திருந்தது அடுத்த தெருப் பெண்ணுக்கும் நடப்பதை அங்கேதான் ஒருத்தி காண்கிறாள்.

நாடு திரும்பிய போவால், 1993 முதல் 1996 வரை ரியோ மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். அரங்கில் மக்கள் சொன்ன வழிகளிலிருந்து 13 சட்டங்கள் பிறந்தன. ரியோவின் வீட்டு வேலைப் பெண்கள் 'மரியாஸ் தோ பிரேசில்' என்ற குழுவாகக் கூடி நடித்தார்கள். ஒரு நிகழ்வு முடிந்தபின் அவர்களில் ஒருவர் கண்ணாடி முன் அழுதாராம். அதுவரை அதில் வேலைக்காரியைப் பார்த்தவர் அன்று ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னார் என்று போவால் எழுதியிருக்கிறார்.

அந்த அழுகையோடு கதையை முடிக்க நமக்கு உரிமை இல்லை. 1988 அரசியலமைப்பு தொழிலாளர்க்குத் தந்த 34 உரிமைகளில் ஒன்பது மட்டுமே இவர்களுக்குக் கிடைத்தன. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்ற வரம்பு 2013இல்தான் அரசியலமைப்புத் திருத்தமாக வந்தது. அதைக் கீழவையில் முன்னெடுத்தவர்களில் பெனெதிதா தா சில்வா முக்கியமானவர். கறுப்பினப் பெண், சேரியில் பிறந்தவர், வீட்டு வேலை செய்தவர். 1936இலிருந்து கணக்கிட்டால் 77 ஆண்டுகள். சங்கம் கோரிக்கையைக் காத்தது. பேசிப் பழகாதவர்கள் பேசிப் பழக அரங்கு இடம் தந்தது. இரண்டில் ஒன்றை விட்டால் மற்றது முடங்கும்.

2011 ஜூன் 16இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைத் தொழிலாளர்க்கான 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆதரித்து வாக்களித்த இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தெறியப்பட்ட தலித் பெண்கள், விடியுமுன் பேருந்தேறி நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களிடம் நாடகம் கொண்டுபோகும் தோழர்கள் விர்ஜிலியோவின் கேள்வியை நினைவில் வைக்க வேண்டும். கதையை அவர்களே சொல்லட்டும், அவர்களே நடிக்கட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்போம். மறுநாள் ஒருத்திக்கு வேலை போனால், அந்த வீட்டு வாசலில் அவளோடு நிற்க நாம் எத்தனை பேர் என்பதை ஒத்திகைக்கு முன்பே முடிவுசெய்துகொள்வோம்.