ஜிம்மி அமர்நாத்: ஆறு இன்னிங்ஸில் ஒரு ரன்

1983 உலகக் கோப்பை என்றதும் லார்ட்ஸ் பால்கனியில் கபில்தேவ் கோப்பையோடு நிற்கும் போட்டோ எல்லோருக்கும் ஞாபகம் வரும். கபிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் இன்றைய பசங்களில் பாதிப்பேர் முழிப்பார்கள். அவர்தான் மொஹிந்தர் அமர்நாத், செல்லமாக ஜிம்மி. அரையிறுதி, இறுதி இரண்டு ஆட்டத்திலும் ஆட்டநாயகன் அவர்தான். அந்தப் போட்டோ எடுத்து ஆறு மாதம் முடிவதற்குள், தோற்றுப்போன அதே மேற்கிந்தியத் தீவுகள் அணி டெஸ்ட் தொடருக்காக இந்தியா வந்தது. ஜிம்மி ஆடியது 3 டெஸ்ட், 6 இன்னிங்ஸ். எடுத்த ரன் மொத்தம் 1. அச்சுப்பிழை இல்லை, ஒன்றே ஒன்றுதான்! ஐந்து டக், ஒரு சிங்கிள்.

69 டெஸ்ட், 4378 ரன், 11 சதம், சராசரி 42.50. இந்தக் கணக்கைப் பார்த்தால் நிதானமாக ஆடி ரிட்டயர் ஆன ஒரு நல்ல பேட்ஸ்மேன் என்றுதான் தோன்றும். வருடக் கடைசி பேலன்ஸை மட்டும் பார்த்தால் நடுவில் எத்தனை முறை கடை மூடிக் கிடந்தது என்று எப்படித் தெரியும்?

அப்பா லாலா அமர்நாத். டெஸ்டில் இந்தியாவுக்காக முதல் சதம் அடித்தவர் (1933, பம்பாய்). 1936 இங்கிலாந்து பயணத்தில் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு இந்தியாவுக்கே கேப்டன் ஆனவர். ஏற்ற இறக்கம் அந்த வீட்டுக்குப் புதிது இல்லை.

ஜிம்மியின் முதல் டெஸ்ட் நம்ம சேப்பாக்கத்தில்தான். 1969 டிசம்பர், எதிரணி ஆஸ்திரேலியா, ஜிம்மிக்கு வயது 19. அப்போது அவர் பந்துவீச்சாளராகவும் எடுக்கப்பட்டவர். இரண்டாவது இன்னிங்ஸில் ஸ்டாக்போல், இயன் சாப்பல் இருவரையும் அவர் தூக்க, மறுபக்கம் பிரசன்னா சுழற்ற, ஆஸ்திரேலியா ஒரு கட்டத்தில் 24 ரன்னுக்கு 6 விக்கெட்! (ஆனாலும் தோற்றது இந்தியாதான்.) அடுத்த டெஸ்ட் எப்போது கிடைத்தது தெரியுமா? 1976 ஜனவரியில், ஆக்லாந்தில். ஆறு வருடம் கழித்து. அதே ஆட்டத்தில் அண்ணன் சுரிந்தர் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்துவிட்டார்.

அந்த வருடமே போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 ரன்னைத் துரத்தி ஜெயித்ததே, அதில் கவாஸ்கர், விஸ்வநாத் சதங்களோடு ஜிம்மியின் 85-ம் உண்டு. அடுத்து 1977-78-ல் பெர்த்தில் 90-ம் 100-ம். சரி, இனி நிலையான இடம்தான் என்று நினைக்கும்போது 1979 இங்கிலாந்து பயணத்தில் ரிச்சர்ட் ஹாட்லியின் பந்து தலையைத் தாக்கி மண்டையில் விரிசல். அதே வருடக் கடைசியில் பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, பழைய வெள்ளைக்கார துரைகள் போடுவார்களே, அந்த சோலா தொப்பியோடு ஆட வந்தார். ராட்னி ஹாக் வீசிய பவுன்சரில் தடுமாறித் தன் ஸ்டம்பின் மேலேயே விழுந்து ஹிட் விக்கெட். பவுன்சருக்குப் பயப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்று வருடம் அணியில் இடமில்லை.

அப்போதெல்லாம் இன்றைக்குப் போல வருட ஒப்பந்தம் கிடையாது. ஆடினால்தான் காசு. உலகக் கோப்பை ஜெயித்த அணிக்குப் பரிசு கொடுக்கக்கூட வாரியத்திடம் பணம் இல்லாமல், லதா மங்கேஷ்கர் கச்சேரி வைத்து வசூலித்து ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் 30 வயதைத் தாண்டியவரை அணியிலிருந்து எடுத்தால் கதை முடிந்தது என்றுதான் அர்த்தம்.

ஜிம்மி உள்ளூர் கிரிக்கெட்டுக்குப் போனார். நிற்கும் விதத்தையே மாற்றினார். பக்கவாட்டில் நிற்காமல், நெஞ்சு பந்துவீச்சாளரைப் பார்க்கிற மாதிரி திறந்த ஸ்டான்ஸ். 1982 ரஞ்சி இறுதியில் கர்நாடகா 705 குவிக்க, டெல்லி அதையும் தாண்டி 707 எடுத்தது. அதில் ஜிம்மி 185. இனியும் கூப்பிடாமல் இருக்க முடியுமா?

பாகிஸ்தானில் இம்ரான் கான் மற்றவர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த தொடர் அது. 3-0 என்று இந்தியா தோற்றது. ஜிம்மி மட்டும் 6 டெஸ்டில் 584 ரன், மூன்று சதம். அடுத்து நேராக மேற்கிந்தியத் தீவுகள். ராபர்ட்ஸ், ஹோல்டிங், மார்ஷல், கார்னர் நால்வருக்கும் எதிராக 5 டெஸ்டில் 598. பார்படாஸில் மார்ஷலின் பந்து வாயைக் கிழித்தது. ஆஸ்பத்திரி போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், ஹோல்டிங்கை ஹூக் செய்து சிக்ஸருக்கு அனுப்பினார். அந்த டெஸ்டில் 91-ம் 80-ம். பவுன்சருக்குப் பயந்தவராம்!

இரண்டு தொடரிலும் சேர்த்து 11 டெஸ்டில் 1182 ரன். அதன் பிறகு ஜூனில் லார்ட்ஸ். இறுதிப்போட்டியில் 26 ரன், 12 ரன்னுக்கு 3 விக்கெட். ஹோல்டிங்கை எல்.பி.டபிள்யூ ஆக்கிய கடைசி விக்கெட்டும் அவருடையதே.

அதற்கு அடுத்துதான் அந்த ஆறு இன்னிங்ஸ். அதே மார்ஷல், அதே ஹோல்டிங். ஒருவர் எட்டு மாதத்தில் ஆட்டத்தை மறந்துவிடுவாரா என்ன? விஷயம் தெரிந்தவர்களுக்கும் இன்றுவரை சரியான விளக்கம் இல்லை. தேர்வாளர்களுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. கடைசி வரியைப் பார்த்தார்கள், பெயரை அடித்தார்கள். 1984 அக்டோபரில் மறுபடி கூப்பிட்டபோது லாகூரில் ஃபாலோ ஆன் வாங்கிய இந்தியாவை ஆட்டமிழக்காமல் 101 எடுத்துக் காப்பாற்றினார்.

கடைசி டெஸ்டும் சேப்பாக்கத்தில்தான் அமைந்தது. 1988 ஜனவரி, ஹிர்வானி 16 விக்கெட் எடுத்த ஆட்டம். அந்த வருடக் கடைசியில் மறுபடி அணியில் பெயர் இல்லை என்றதும் தேர்வாளர்களைக் கோமாளிக் கூட்டம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். ஒருநாள் ஆட்டங்களில் 1989 வரை ஆடினார். டெஸ்டுக்கு மட்டும் கூப்பிடவே இல்லை.

2011-ல் அவரே தேர்வுக்குழுவில் உட்கார்ந்தார். ஆஸ்திரேலியாவில் 4-0 என்று தோற்ற பிறகு தோனியைக் கேப்டன் பதவியிலிருந்து மாற்ற தேர்வாளர்கள் முடிவு செய்ததாகவும், வாரியத் தலைவர் என். சீனிவாசன் அதற்கு ஒப்புதல் தரவில்லை என்றும் 2012 டிசம்பரில் டிவியில் ஜிம்மியே சொன்னார். அப்போது அவர் தேர்வாளர் இல்லை. செப்டம்பரில் வந்த புதிய குழுவில் அவர் பெயர் விடுபட்டிருந்தது.