பிரதியும் பூட்டும்: விலை கொடுத்தவரைச் சந்தேகித்த கதை

பூட்டுக்குப் பேர்போன மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கௌரவம் வந்து சேர்ந்தபோது பட்டறைகள் அலிகார் பூட்டின் விலையோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போயிருந்தன என்பது வேறு கதை. கையால் ராவி எடுத்த அந்தப் பூட்டில் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. காசு கொடுத்தவரிடம் சாவி போகும். விற்றவர் ஒரு சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் அது பூட்டே இல்லை. கணினி மென்பொருளின் வரலாற்றில் இந்த ஒப்பந்தம் தலைகீழாகிறது. பொருள் வாங்கியவர் வீட்டில் இருக்கிறது, அதன்மேல் பூட்டும் தொங்குகிறது, சாவி மட்டும் விற்றவர் இடுப்பில். இந்த வேலை விதவிதமாக ஒத்திகை பார்க்கப்பட்டது கணினி விளையாட்டுகளில். பிறகு அதே பூட்டு நாம் தமிழ் அச்சுக்கோக்கும் மேசைக்கே வந்து உட்கார்ந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சிறுபத்திரிகையில் எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லைப் பற்றி ஒன்று. தொண்ணூறுகளில் நம் இதழ்களில் 'பிரதி' என்ற சொல் படாத பாடு பட்டது. ஆசிரியன் செத்தான், பிரதி பிழைத்தது என்றோம். அதே காலத்தில் கடைத்தெருவில் பிரதி என்றால் ஜெராக்ஸ், அவ்வளவுதான். ஏட்டுச்சுவடிக் காலத்திலோ இரண்டு அர்த்தமும் ஒன்றுதான்: படிப்பதும் பிரதி, பெயர்த்தெழுதுவதும் பிரதி. பூச்சி அரிப்பதற்குள் இன்னொரு ஏட்டில் எழுதி வைத்தார்கள். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சேகரித்தவை பிரதிகளின் பிரதிகள். பெயர்த்தெழுதுவதை யாராவது தடுத்திருக்க முடிந்திருந்தால் 1892இல் அவர் பதிப்பிக்க ஒரு சிலப்பதிகாரம் மிஞ்சியிருக்காது. பிரதியெடுத்தல் திருட்டு மட்டுமே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது ரொம்ப அண்மைக் காலத்து அறிவு.

எண்பதுகளின் தொடக்கத்தில் விளையாட்டுகள் ஃபிளாப்பி வட்டில் வந்தன. வட்டில் ஏதாவது ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கி வைப்பார்கள். விளையாட்டு தொடங்கும்போது அந்தப் பழுது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். வழக்கமான முறையில் நகலெடுத்தால் பழுது நகலாகாது, விளையாட்டு ஓடாது. மூலம் என்பதற்கு அடையாளமே ஒரு காயம்தான் என்று ஆயிற்று. இதில் மாட்டிக்கொண்டது யார்? நகலெடுக்கத் தெரிந்தவர் அந்தத் தேடலையே நீக்கிவிட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தார். பெட்டியோடு விலை கொடுத்து வாங்கியவரால்தான் ஒரு மாற்றுப் பிரதி எடுத்து வைக்க முடியவில்லை. வட்டில் பூஞ்சை பிடித்தால் அவர் போட்ட காசு போச்சு. அலுவலக மென்பொருள்களிலும் இந்தப் பூட்டு இருந்தது. ஆனால் பெரிய கம்பெனி வாடிக்கையாளர்கள் எரிச்சல்பட்டதும் எண்பதுகளின் பிற்பகுதியில் பலர் அதைக் கழற்றிவிட்டார்கள். விளையாட்டு வாங்கும் பையன்களின் எரிச்சலுக்கு அந்த எடை இல்லை.

எண்பதுகளின் நடுவில் பிரிட்டனில் லென்ஸ்லாக் என்று ஒரு பிளாஸ்டிக் வில்லை வந்தது. திரையில் குழம்பித் தெரியும் எழுத்தை அதன் வழியாகப் பார்த்துப் படித்து, தட்டச்சிட்டால்தான் விளையாட்டு திறக்கும். 'எலைட்' என்ற புகழ்பெற்ற விளையாட்டின் பெட்டிகள் பலவற்றில் வேறு விளையாட்டுக்கான வில்லையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டி ரொம்பப் பெரிதாக இருந்தாலும் வில்லை வேலை செய்யாது. காசையும் கொடுத்துவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திரையோடு மல்லாடிய அந்த மனிதரைத்தான் 'நேர்மையான வாடிக்கையாளர்' என்று வியாபார மொழி சொல்கிறது.

ஜோர்டன் மெக்னரின் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' 1989இல் வந்தது. நம்மூர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் தொண்ணூறுகளில் அதை விளையாடாதவர் குறைவு. முதல் நிலையைத் தாண்டியதும் ஓர் அறை வரும். கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ, அந்த எழுத்துக்குரிய குடுவையைக் குடிக்க வேண்டும். தவறாகவே குடித்துக்கொண்டு போனால் சாவு. எனக்கு நத்தத்தில் கிடைத்த ஃபிளாப்பியில் எந்தக் குடுவையைக் குடித்தாலும் கதவு திறந்தது. அது பூட்டு உடைத்த பிரதி என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. கையேடு என்று ஒன்று உண்டு என்பதை நான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். உலகின் ஏதோ ஒரு மூலையில் பெட்டி வாங்கியவர் கையேட்டைத் தொலைத்துவிட்டு அந்த அறையில் செத்துக்கொண்டிருந்தார். ஓசியில் வாங்கிய நாங்கள் இளவரசியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

துணைக்கண்டத்திலிருந்தும் இதில் ஒரு பங்களிப்பு உண்டு. லாகூரில் பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள் தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களைப் பிடிக்க 1986இல் ஒரு நிரலை எழுதியதாகச் சொன்னார்கள். அதற்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் போட்டு, தடுப்பு மருந்துக்குத் தங்களைத் தொடர்புகொள்ளும்படி எழுதி வைத்தார்கள். ஐபிஎம் வகைக் கணினிகளின் முதல் வைரஸ் என்று இன்று எண்ணப்படும் 'பிரெய்ன்' அதுதான். ஃபிளாப்பிக்கு ஃபிளாப்பி தாவி அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை போனது. பிரதியெடுப்பதைத் தடுக்க எழுதியது, தன்னைத்தானே பிரதியெடுப்பதில் கெட்டிக்காரன்! அந்த மருத்துவ மென்பொருளைப் பார்த்தே இராதவர்களின் வட்டுகளும் இதில் தொற்றுக்குள்ளாயின.

விளையாட்டைப் பொறுத்தவரை எங்கள் ஊரில் விலை கொடுத்து வாங்கியவர் என்ற ஆளே கிடையாது. எல்லாம் கைமாறி வந்த வட்டுகள். ஆகவே பூட்டின் வலியை நாங்கள் விளையாட்டில் உணரவில்லை, தமிழில்தான் உணர்ந்தோம்.

தொண்ணூறுகளில் டி.டி.பி. வந்தபோது தமிழ் எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருளும் 'லாக்'கோடு வந்தன. புனேயின் சீ-டாக் நிறுவனத்து ஐஎஸ்எம், மாடுலர் நிறுவனத்து ஸ்ரீலிபி என்று பெரிய பெயர்கள் எல்லாமே இந்த வழியில் போனவைதான். பிரிண்டர் செருகும் துளையில் தீப்பெட்டி அளவு ஒரு பொருளை மாட்ட வேண்டும். அதன் முதுகில்தான் பிரிண்டர் வயர். மென்பொருள் அடிக்கடி அந்தத் தீப்பெட்டியைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் தமிழ் வராது.

நத்தத்தில் நண்பர் ஒருவர் கடன் வாங்கி டி.டி.பி. கடை வைத்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, மாங்காய் மண்டிக்குப் பில் புக், மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா நோட்டீஸ், கட்சிகளின் துண்டறிக்கை இவைதான் வருமானம். எங்கள் காலாண்டிதழை அரை வாடகைக்கு, பல சமயம் அதுவும் இல்லாமல், அடித்துக் கொடுத்தார். பிடிவாதமாக ஒரிஜினல் மென்பொருளை வாங்கினார். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். இரண்டாம் வருஷம் லாக் பழுதானது. புதிது வேண்டுமென்றால் பழையதை அனுப்ப வேண்டும், பில் நகல் அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும். திருவிழாச் சமயம். "ண்ணே, காசு குடுத்தவன் நானு. சி.டி.ல ஏத்திக்கிட்டவன் பக்கத்துத் தெருவுல ஜம்முனு அடிச்சுக்கிட்டு இருக்கான்" என்றார். நியாயமான பொருமல். அந்தத் தெருக்காரருடைய மென்பொருளும் இதேதான், லாக்கைத் தேடும் வரிகள் மட்டும் அதில் இல்லை.

பூட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. தமிழ் எழுத்துரு வரைவது மாதக்கணக்கான கைவேலை. வரைந்தவர் பெயர்கூட வெளியே தெரியாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரே குறுந்தகட்டில் எல்லோருடைய உழைப்பும் சேர்ந்து கிடந்தபோது சின்னத் தமிழ் நிறுவனங்களுக்கு அடி விழுந்தது உண்மை. நான் கேட்பது வேறு: இந்தப் பூட்டு அந்தக் குறுந்தகட்டை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பெயரும் முகவரியும் பில்லும் கொடுத்து, பதிவேட்டில் தானாக வந்து உட்கார்ந்தவரைத்தான் அதனால் கண்காணிக்க முடிந்தது. ஃபூக்கோவை நாம் சிறை, பள்ளி, மருத்துவமனை என்று படித்தோம். பிரிண்டர் துளையில் ஒரு கண் இருந்ததை யாரும் எழுதவில்லை. கண்காணிப்பு தன் எல்லைக்குள் வர ஒப்புக்கொண்டவர் மேல்தான் முதலில் விழுகிறது.

லாக் போக, இன்னொரு பூட்டும் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் வைத்தது. ஒருவருடைய 'அ' இன்னொருவர் கணினியில் கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று அரசுத் தரம் வந்தது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும் கருவிகளையும் இலவசக் குறுந்தகடாகவே கொடுத்தது. 2010இல் ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது. காசு கொடுத்து லாக் வாங்கியவர்களுக்கு இதனால் திரும்ப வந்தது ஏதுமில்லை. புதுக் கணினிகளில் அந்தப் பிரிண்டர் துளையே இல்லாமல் போயிற்று.

விளையாட்டு உலகில் இதற்கிடையில் பூட்டு குறுந்தகட்டுக்கு ஏறியிருந்தது. மேக்ரோவிஷனின் சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்றவை வாங்கியவரின் இயங்குதளத்துக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்தன. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி சேஃப்டிஸ்க்கின் இயக்கியை மைக்ரோசாஃப்ட் விலக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் அதை முடக்கியது. கீறல் விழாமல் பாதுகாத்து வைத்திருந்த ஒரிஜினல் தகடுகள் ஒரே நாளில் ஊமையாயின. பூட்டு உடைத்த பிரதிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு இணையம். 2008இல் வந்த 'ஸ்போர்' விளையாட்டை மூன்று முறைதான் நிறுவலாம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியபின் ஐந்தாக்கினார்கள். வெளியாவதற்கு முன்பே அதன் உடைத்த பிரதி இணையத்தில் உலவியது, அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட்டின் சேவையகங்கள் விழுந்தபோது, 'அசாசின்ஸ் கிரீட் 2' வாங்கியவர்கள் தனியாக விளையாடும் விளையாட்டைக்கூட விளையாட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரமே இல்லாத ஆண்டுகள் அவை. எப்போதும் இணையத்தில் இரு என்ற நிபந்தனையை எழுதியவர் மனதில் எந்த ஊர் இருந்திருக்கும்? 2024 மார்ச் 31இல் அதே நிறுவனம் 'தி க்ரூ' என்ற பந்தய விளையாட்டின் சேவையகங்களை நிறுத்திவிட்டது. வாங்கியவர் கையில் மிச்சம் ஒரு தகடும் அட்டையும். இந்த ஆத்திரத்திலிருந்து ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. 'விற்பனை' என்று சொல்லிவிட்டு உரிமம் மட்டும் கொடுப்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டம் செய்தது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்றின் ஆய்வு சொன்னது. அவற்றில் பல இன்றும் ஓடுவதற்குக் காரணம் பூட்டை உடைத்தவர்கள்தான்.

நம் சட்டம் சுவாரசியமானது. பதிப்புரிமைச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம், திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் சிறை என்றது. அதே திருத்தம்தான், முறையாக வாங்கியவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாக மாற்றுப் பிரதி எடுத்து வைக்கலாம் என்றும் 52ஆம் பிரிவில் சொன்னது. சட்டம் கொடுத்த உரிமையைத் தீப்பெட்டி அளவுப் பொருள் ஒன்று மறுத்தது. யாரும் வழக்குப் போடவில்லை; நத்தத்து டி.டி.பி. கடைக்காரர் எங்கே போய்ப் போடுவார்? 2012இல் 65ஏ பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை. அமெரிக்கச் சட்டம்போல் கண்ணை மூடிக்கொண்டு தடுக்காமல், சட்டம் விலக்காத நோக்கத்துக்காகத் திறக்கலாம் என்று வழிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: இன்னொருவருக்குத் திறந்து கொடுப்பவர் அவருடைய பெயர், முகவரி, விவரங்களைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். மறுபடியும் பதிவேடு. அதில் பெயர் கொடுக்க முன்வருபவர் யாராக இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் இதழின் ஏழு ஆண்டுக் கோப்புகள் ஒரு பழைய வன்தட்டில் இருக்கின்றன. புகழ்பெற்ற எழுத்துருக்களாக இருந்தால் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் மாற்றியிலேயே ஒருங்குறிக்குக் கொண்டுவந்திருக்கலாம். நாங்கள் அடித்தது சின்ன நிறுவனம் ஒன்றின் எழுத்துருவில், அதன் இடவரிசை எந்த மாற்றியிலும் இல்லை. லாக் இருந்தால்தான் அந்த எழுத்துருவே திரையில் வரும். நிறுவனம் இப்போது இல்லை, நண்பரின் கடையும் மூடியாயிற்று. பில் இருக்கிறது. மதுரையில் ஓர் இளைஞர் லாக்கைச் சுற்றிப் போக முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதிவேட்டில் எங்கள் பெயரைத் தாராளமாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டோம். அதுவரை, அச்சான இதழைப் பக்கத்தில் விரித்து வைத்து, இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டச்சு செய்கிறோம். 1998 இரண்டாம் இதழ் வரை முடிந்திருக்கிறது. மூன்றாவது இதழில் நடுப்பக்கங்கள் எங்களிடம் இல்லை. யாரிடமாவது இருந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள்.