தொழிற்பத்தியில் ஒரு சொல்

அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. பேராக் தோட்டங்களில் உழைத்து மடிந்த நம் முன்னோர்க்குப் பிறப்பு இறப்புப் பதிவுகளே கல்வெட்டாம். அவற்றில் 'தொழில்' என்னும் பத்தியிலே ஆங்கிலக் கையெழுத்தில் கிடக்கும் ஒற்றைச் சொல்லைப் படிக்கத் தெரியாது திகைக்கும் குடும்பங்கள் ஈப்போவிலும் அதன் சுற்றூர்களிலும் உண்டு. அவர்கட்குச் சில கூறுவோம்.

முதலாவது, ஆண்டை நோக்குக. கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டது 1877இல். தோட்டப் பயிராக அது பெரிதும் பரவியதோ 1900க்குப் பின்னரே. அதற்கு முன் கிரியான் பகுதியில் நம்மவர் வெட்டியது கரும்பு. ஆகவே 1890ஆம் ஆண்டுப் பதிவில் 'டாப்பர்' என்றிருப்பின், அவர் பால்மரம் வெட்டியவராயிருத்தல் அரிது; தென்னையில் கள் இறக்கியவராதல் கூடும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் பெயர் ஒன்றே.

இரண்டாவது, எழுதிய கையை நோக்குக. சொன்னவர் தொழிலாளி, தம் காதில் விழுந்ததை எழுதினவர் கிராணி. விளங்காத எழுத்தை, அதே கை அப்பக்கத்தில் எழுதிய ஊர்ப்பெயர்களோடு ஒப்பிடின் விளங்கும். 'டி', 'ஓ' என ஈரெழுத்து மட்டும் நின்றால் அது தொழிலன்று. நம் பழைய கணக்கர் '௸' என்றெழுதிய 'மேற்படி'யே அது. 'கண்டக்டர்' என்பவர் பஸ்ஸில் சீட்டுக் கொடுத்தவரல்லர்; தோட்ட வெளிவேலையை மேற்பார்த்தவர். 'டிரஸர்' தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். 'செட்டி' என்னும் சாதிப்பெயரோ, வட்டிக்குக் கொடுப்போரின் தொழிற்பெயராகவே எழுதப்பட்டது.

இனி, யாவரும் படிக்கக்கூடிய சொல் ஒன்றுண்டு: 'கூலி'. பால் வெட்டியவர், புல் வெட்டியவர், கான் தோண்டியவர், புகைக்கூண்டில் ரப்பர்த் தகடு உலர்த்தியவர் அனைவரையும் இவ்வொரு சொல் விழுங்கிற்று. பெண்டிர் நிலை இதனினும் கொடிது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று ஆடவரோடு ஒப்ப மரம் வெட்டிய தாயின் தொழிலைப் பதிவுகள் பலகாலும் பேசுவதேயில்லை. தோட்டத்துச் செக்ரோல் எஞ்சியிருப்பின், அங்கே அவள் பெயரும், ஆடவரினும் குறைத்துக் கொடுத்த நாட்கூலியும் காணப்படும்.

வம்சாவளி எழுதுவோர் சிலர் 'கூலி'யை அழித்து 'மேற்பார்வையாளர்' என்று திருத்த விழைவர். நாம் கேட்கின்றோம்: வெட்கவேண்டியவர் உழைத்தவரா, அவர் தொழிலறிவையெல்லாம் ஒரு சொல்லில் அடக்கிய ஆட்சியினரா? பதிவில் உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதுங்கள். அதன்கீழ், அவர் மெய்யாகச் செய்த வேலையை முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். கங்காணி வழி ஆட்சேர்ப்பு நின்றது 1938இல். அக்காலம் கண்டோர் அருகிவிட்டனர். தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. ஏடு சொல்லாததை இனிச் சொல்லவல்லது முதியோர் நாவொன்றே.