சாங்கியின் பெரிய மரம்

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஜெனரல் ஷெர்மன் என்னும் சிக்கோயா மரம் சுமார் 275 அடி உயரம் என்று படிக்கிறோம். அதற்குச் சற்றே தாழ்ந்த மரம் ஒன்று நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூர்ச் சாங்கியில் நின்றது. ஏறத்தாழ 250 அடி! நம் தோட்டத்து ரப்பர் மரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். 1888-ஆம் ஆண்டிலேயே அது வரைபடத்தில் ஏறிவிட்டது.

தொலைவிலிருந்தே தெரிந்ததுதான் அதற்கு எமனாயிற்று. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஜொகூர்க் கரைக்கு வந்துவிட்டனர். மரத்தை அடையாளமாகக் கொண்டு பீரங்கிக் குறி வைப்பார்களே என்றஞ்சிய ஆங்கிலேய ராணுவம் அதைச் சாய்த்தது. அவர்களோ 8-ஆம் தேதி இரவு வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மரம் போனதுதான் மிச்சம். பின்னர் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் கொண்டுபோன கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சாங்கி என்ற பெயரே செங்கால் மரத்தால் வந்தது என்பாருமுண்டு. செங்கால் பாசிர் என்ற இனம் சிங்கப்பூரில் அழிந்தே போயிற்று என்றிருந்தார்கள். 2002-இல் சாங்கியில் முதிர்ந்த மரம் ஒன்று கண்டறியப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அதையும் அனுமதியின்றி வெட்டிவிட்டார்கள். அபராதம் கட்ட நேர்ந்தது. அம்மரத்தின் விதைகளிலிருந்து கன்றுகள் வளர்க்கப்பட்டன.